துண்டுத் துணியின் சரித்திரம்

"நல்ல துணி எங்கே கிடைக்கும்?"

இந்தக் கேள்வியை என் தாயார் கேட்க நான் எத்தனை முறை பக்கத்தில் நின்றிருக்கிறேன் என்பதற்குக் கணக்கில்லை. அடுத்த வீட்டுக்காரியிடம் கேட்பாள். பஸ்ஸில் பக்கத்தில் உட்கார்ந்திருக்கும் முன்பின் அறியாத பெண்ணிடம் கேட்பாள். கல்யாணப் பந்தியில் இலைக்கு முன்னால் உட்கார்ந்து, பக்கத்து அம்மாளின் ரவிக்கைக் கையைக் கட்டைவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவே மெல்லப் பிடித்துப் பார்த்து, "டூ-பை-டூ தானே? எங்கே எடுத்தீங்க?" என்று கேட்பாள். அந்த அம்மாளும் கோபித்துக் கொள்ள மாட்டாள். சாம்பார் வந்து போவதைக் கூடக் கவனிக்காமல் கடையின் பெயர், கடைக்குப் போகும் வழி, பேரம் படியும் விதம் எல்லாவற்றையும் விஸ்தாரமாகச் சொல்லி முடிப்பாள். சரித்திர ஆசிரியர்கள் இம்மாதிரிப் பேச்சைக் குறித்து வைப்பதில்லை. வைத்திருந்தால் நம் தேசத்தின் துணி வியாபாரத்தைப் பற்றி இன்னும் நன்றாகத் தெரிந்திருக்கும்.

எங்கள் ஊர் ஆம்பூர். ஆம்பூர் என்றதும் வாசகர்களுக்குப் பிரியாணி ஞாபகம் வரும். எனக்குத் தோல் வாசனை ஞாபகம் வரும். ஆம்பூர், வாணியம்பாடி, பேர்ணாம்பட்டு, மேல்விஷாரம், ராணிப்பேட்டை என்று பாலாற்றை ஒட்டியும் அதற்குப் பக்கத்திலும் அமைந்த ஊர்களில் தோல் பதனிடுவதுதான் பிழைப்பு. அந்த நாளில் ஆவாரம்பட்டையையும் கடுக்காயையும் போட்டுப் பதனிட்டார்கள். பிற்பாடு குரோமிய உப்பு வந்தது. என் தந்தையார் ஒரு டேனரியில் கணக்கு எழுதிக் கொண்டிருந்தார். அம்மா வீட்டில் ஓர் 'உஷா' கால் மிஷினை வைத்துக்கொண்டு எங்களுக்கும், அக்கம்பக்கத்தாருக்கும் தைத்துக் கொடுத்துக் கொண்டிருந்தாள்.

இரண்டு மாதத்துக்கு ஒரு முறை அம்மா வேலூருக்குத் துணி எடுக்கப் புறப்படுவாள். பை தூக்கிக்கொண்டு வருவதற்கு நான். லாங் பஜாரில் பெரிய ஜவுளிக் கடைகளைப் பார்த்த மாத்திரத்தில் நான் நின்றுவிடுவேன். அம்மா நிற்க மாட்டாள். பக்கத்துச் சந்தில் 'கட்பீஸ்' கடைக்கு நேரே போவாள். மில்லில் முழுப் பீஸாக மடித்தது போக மிஞ்சியது, நெசவில் எங்கோ ஓர் இழை தவறியது, கரையில் கறை பட்டது, இவையெல்லாம் துண்டு துண்டாக அங்கே வந்து குவிந்திருக்கும். ஒரு ரவிக்கைக்கு எண்பது சென்டிமீட்டர் போதும். உள்பாவாடைக்கு இரண்டு மீட்டருக்குக் கொஞ்சம் கூட வேண்டும். கறை எங்கே இருக்கிறது, அதைக் கைக்குழிக்குள் தள்ளி வெட்டி எறிய முடியுமா என்று பார்க்கத் தெரிந்தவளுக்குக் கட்பீஸ் கடை ஒரு பொக்கிஷம். தெரியாதவளுக்கு நஷ்டம்.

அம்மா துணியைச் சோதிக்கும் விதத்தைச் சொல்லி விடுகிறேன். தையல் பழகும் பெண்களுக்கு உபயோகமாக இருக்கும். முதலில் துணியைக் கடைக்கு வெளியே வெயிலுக்கு எடுத்து வருவாள். குழாய் விளக்கு வெளிச்சத்தில் எந்தக் கறுப்பும் கறுப்புதான் என்பது அவள் சித்தாந்தம். வானத்துக்கு எதிரே பிடித்து, இழை நெருக்கம் ஒரே சீராக இருக்கிறதா என்று பார்ப்பாள். பிறகு கைக்குள் வைத்து இறுகக் கசக்கி விடுவாள். சுருக்கம் மெதுவாகப் பிரிந்தால் சரி. வெள்ளைத் தூள் உதிர்ந்தால், "பாய், எனக்குத் துணி வேணும். கஞ்சி வேணும்னா வீட்டிலேயே காய்ச்சிப்பேன்" என்பாள். கடைசியில் நாக்கில் தொட்ட விரலால் மூலையை நனைத்துத் தன் வெள்ளைக் கைக்குட்டையில் தேய்ப்பாள்.

"சாயம் போவாதும்மா. போனா திருப்பிக் கொண்டாங்க."

"போனா எங்க கொண்டாறது பாய்? பஸ் சார்ஜு நீங்களா குடுப்பீங்க?"

பாய் சிரித்துக்கொண்டே கால் மீட்டர் அதிகம் வெட்டித் தருவார். அளக்கும்போது துணியை இழுத்துப் பிடிக்காமல் தளர விட்டு அளக்கும் கடைக்காரர் அவர். அம்மாவின் கணக்கில் அதுவே நல்ல கடைக்கு முதல் லட்சணம்.

பல வருஷம் கழித்து, வேலூர்க் கோட்டையைக் களமாக வைத்து ஒரு நாவல் எழுதலாம் என்று பழைய புத்தகங்களைப் புரட்டினேன். நாவல் நின்றுவிட்டது. ஆனால் அம்மாவின் கேள்வி அவளைவிட மிகவும் வயதானது என்பது அப்போது தெரிந்தது.

*

நம் கரையோரத்துக்கு ஆங்கிலேயர் எதற்காக வந்தார்கள்? துணிக்காக வந்தார்கள். 1639ஆம் வருஷம் சென்னையில் மணல்மேட்டில் இடம் வாங்கிக் கோட்டை கட்டியதும், அதைச் சுற்றி நெசவாளரையும் சாயக்காரரையும் குடியேற்றியதும் அதற்காகத்தான். முன்பணம் கொடுத்து, இன்ன அகலம், இன்ன நீளம், இன்ன கட்டம் என்று சொல்லி நெய்யச் செய்து கப்பலில் ஏற்றினார்கள். சென்னைக் கோட்டையில் கவர்னராக இருந்த எலைஹூ யேல் 1718இல் அமெரிக்காவில் ஒரு சின்னக் கல்லூரிக்கு ஒன்பது பொதி சரக்கு அனுப்பினார். அதில் நம் பக்கத்துத் துணிகளும் இருந்தன. விற்ற பணத்தில் கல்லூரிக்குக் கட்டடம் எழும்பிற்று. கல்லூரிக்கு அவர் பெயர் நிலைத்தது. நெய்தவர் பெயரை யாரும் எழுதி வைக்கவில்லை.

அந்தத் துணிகளில் ஒன்றுக்கு 'மதராஸ் ஹாண்ட்கர்ச்சீப்' என்று பெயர். கைக்குட்டை என்றால் மூக்கைத் துடைப்பது அல்ல. ஒரு கெஜச் சதுரத்தில் கட்டம் போட்ட துணி. பல சதுரங்களைத் தொடர்ச்சியாக ஒரே பீஸாக நெய்வார்கள். வாங்குகிறவர் வெட்டிக்கொள்ள வேண்டியதுதான். மேற்கிந்தியத் தீவுகளில் மார்ட்டினிக், குவாதலூப் முதலிய இடங்களில் கறுப்பினப் பெண்கள் இதைத் தலையில் அழகாகக் கட்டிக்கொண்டார்கள். இன்றும் திருவிழா நாட்களில் கட்டிக்கொள்கிறார்கள். ஆப்பிரிக்காவின் மேற்குக் கரையில் இதே மாதிரித் துணிகளைக் கொடுத்து மனிதர்களை விலைக்கு வாங்கியதும் உண்டு. அந்தக் கதையை இங்கே அழகாக்கிச் சொல்ல எனக்கு மனம் வரவில்லை.

ஆனால் ஒன்றைச் சொல்ல வேண்டும். நைஜீரியாவில் நைஜர் நதி கடலில் கலக்கும் பிரதேசத்தில் கலபாரி என்று ஒரு ஜனங்கள் இருக்கிறார்கள். அவர்கள் நம் நாட்டுக் கட்டத்துணியை அப்படியே உடுத்துவதோடு நிற்கவில்லை. கலபாரிப் பெண்கள் துணியை மடியில் விரித்து, கூரான கத்தியால் ஓர் இழையை வெட்டி உருவி எடுப்பார்கள். பிறகு இன்னோர் இழை. இழை போன இடத்தில் கண்ணுக்கு மெல்லிய சித்திரம் ஒன்று விழும். இதற்குப் 'பெலெத்தே பித்தே' என்று பெயர். இங்கே ஒருவர் இழையைச் சேர்க்கிறார். அங்கே ஒருத்தி அதே இழையை எடுக்கிறாள். இரண்டும் வேலைதான். அம்மாவிடம் இதைச் சொன்னபோது, "இழை எடுத்தப்புறமும் துணி பிரியாம நிக்குதுன்னா நெசவு அவ்வளவு நெருக்கம்னு அர்த்தம். அந்தத் துணி நமக்கு ஏன் கிடைக்கலை?" என்றாள்.

கேள்வி நியாயமானது. நல்ல சரக்கு எப்போதும் நம் ஊர் வழியே கடலுக்குப் போய்க்கொண்டிருந்தது. மிஞ்சியது நமக்கு. தோலிலும் இதே கதைதான் என்பது அப்பாவுக்குத் தெரியும். டேனரியில் தோலை மேஜைமேல் விரித்துத் தரம் பிரிப்பார்கள். வடு இல்லாதது, ஒரே கனமாக உள்ளது, அதெல்லாம் ஏற்றுமதிக்கு. முள் கீறியதும் உண்ணி கடித்ததும் உள்ளூருக்கு.

*

போவது மட்டுமா? வருவதும் உண்டு. அப்படி வந்த ஒரு தலைப்பாகையால் வேலூர்க் கோட்டையில் ரத்தம் ஓடியது.

சிப்பாய்கள் கலகம் என்று பள்ளிக்கூடத்தில் படித்திருப்பீர்கள். 1806 ஜூலை 10. சென்னை ராணுவத்தின் தலைமைத் தளபதி சர் ஜான் க்ராடக் சிப்பாய்களின் உடுப்பை மாற்றினார். நெற்றியில் திருநீறும் நாமமும் கூடாது. காதில் கடுக்கன் கூடாது. தாடியைத் திருத்த வேண்டும். பழைய தலைப்பாகைக்குப் பதில் தொப்பி போன்ற புதுத் தலைப்பாகை. அதன்மேல் தோலால் ஆன ஒரு சின்னம். எந்த மிருகத்தின் தோல்? பசுவா, பன்றியா? ஒருவருக்கு அது ஆகாது, இன்னொருவருக்கு இது ஆகாது. தோல் ஊரில் பிறந்த எனக்கு இந்த இடத்தைப் படித்தபோது உடம்பு சிலிர்த்தது. துணியையும் தோலையும் சேர்த்துத் தைத்த ஒரே பண்டத்தில் இரண்டு மதத்தாரின் மனத்தையும் ஒரே தையலில் குத்திவிட்டார்கள்.

மே மாதமே வேலூரில் ஒரு பட்டாளம் அந்தத் தலைப்பாகையை ஏற்க மறுத்தது. ஓர் இந்துவுக்கும் ஒரு முஸ்லிமுக்கும் தொள்ளாயிரம் கசையடி தண்டனை. ஜூலை 10 விடியுமுன் கோட்டைக்குள் துப்பாக்கி வெடித்தது. நூற்றுக்கும் அதிகமான வெள்ளையர் மாண்டனர். காலையில் ஆர்க்காட்டிலிருந்து கில்லெஸ்பி குதிரைப்படையுடன் பாய்ந்து வந்து கோட்டையைப் பிடித்தார். அன்று மாண்ட சிப்பாய்கள் நூற்றுக்கணக்கில். கோட்டைக்குள் காவலில் இருந்த திப்புவின் குமாரர்களைச் சுற்றியும் காரணங்கள் சொல்லப்படுகின்றன. நான் அவற்றை மறுக்கவில்லை. ஆனாலும், பிறகு என்ன நடந்தது பாருங்கள். உடுப்பு உத்தரவு வாபஸ் ஆயிற்று. அடுத்த வருஷம் க்ராடக்கையும், கவர்னர் வில்லியம் பெண்டிங்கையும் லண்டன் திரும்ப அழைத்துக் கொண்டது.

துணி சாதாரண விஷயம் என்று நினைப்பவர்களுக்கு லாங் பஜாரிலிருந்து கொஞ்ச தூரத்தில் இருக்கும் அந்தக் கோட்டைதான் பதில். இன்னொருவர் வெட்டித் தைத்து, "இதை உடுத்து" என்று நீட்டுவது வேறு. நம் கையால் தொட்டுப் பார்த்து எடுத்து, நம் உடம்புக்கு அளந்து தைத்துக்கொள்வது வேறு. கட்பீஸ் கடையில் பத்து ரூபாய்த் துண்டுக்காக அரை மணி நேரம் மல்லுக்கு நிற்கும் அம்மாவைப் பார்த்து எனக்குச் சிறு வயதில் வெட்கமாக இருந்தது. கலகத்தைப் படித்த பிறகு அந்த வெட்கம் போய்விட்டது.

*

1856 ஜூலை முதல் தேதி தென்னிந்தியாவின் முதல் ரயில் ராயபுரத்திலிருந்து வாலாஜா ரோடு வரை ஓடிற்று. வாலாஜாப்பேட்டை அன்று பெரிய நெசவு ஊர், பெரிய வியாபார ஊர். துறைமுகத்தில் இறங்கிய மான்செஸ்டர் மல்லும் காடாத்துணியும் உள்நாட்டுச் சந்தைகளுக்கு வந்து இறங்க ரயில் வசதியாயிற்று. நம் தோல் துறைமுகத்துக்குப் போகவும் அதே ரயில் வசதியாயிற்று. விலை மலிந்தது, தறி அடங்கியது. சென்னையிலேயே 1876இல் பக்கிங்ஹாம் மில்லும் 1881இல் கர்நாடிக் மில்லும் தொடங்கின. 'பின்னி' என்று நாம் அறிந்த காக்கித் துணி அங்கேதான் நெய்யப்பட்டது. தென்னாட்டில் எத்தனை பள்ளிப் பிள்ளைகளும் போலீஸ்காரர்களும் அந்தக் காக்கியை உடுத்தினார்களோ!

துணி கெஜக் கணக்கில் வந்ததும் தையல் மிஷினும் வந்தது. அமெரிக்காவில் ஐஸக் ஸிங்கர் 1851இல் உரிமை பெற்ற யந்திரம். யந்திரங்களைக் கண்டால் முகம் சுளிக்கும் காந்தியடிகள் கூட இந்த ஒன்றை விலக்கி வைத்தார். மனைவி கையால் தைத்துக் கஷ்டப்படுவதைக் காணப் பொறாமல் ஒருவன் செய்த யந்திரம் என்று அதைப் பற்றி 1924இல் அவர் சொன்னதாகப் பதிவாகியிருக்கிறது. சரித்திர ரீதியில் ஸிங்கரின் குடும்ப வாழ்க்கை அவ்வளவு மெச்சத்தக்கதல்ல. போகட்டும், மிஷின் நல்ல மிஷின். 1930களில் கல்கத்தாவில் 'உஷா' பிறந்தது. எங்கள் வீட்டு மிஷின் அந்த வம்சம்.

என் ஆயாவுக்கு, எங்கள் பக்கத்தில் பாட்டியை அப்படித்தான் அழைப்போம், 1944இல் கல்யாணம். அது யுத்த காலம். 1943இல் அரசாங்கம் துணிக்கும் நூலுக்கும் கட்டுப்பாடு கொண்டுவந்தது. மில் துணியில் விலையை முத்திரையாகக் குத்த வேண்டும் என்று உத்தரவு. முத்திரை என்னவோ இருந்தது; துணிதான் இல்லை. கடைக்காரர் கடையில் கையை விரிப்பார்; இருட்டின பிறகு பின்கட்டில் இரட்டை விலைக்குக் கொடுப்பார். ஆயாவுக்குக் கூறைப் புடவை வாங்கிய பிறகு ரவிக்கைக்குத் துணி அகப்படவில்லை. அவள் தாயார் தன் பெட்டியிலிருந்த பழைய புடவையின் முந்தானையை வெட்டித் தைத்துக் கொடுத்தாளாம். சுதந்திரம் வந்து, 1948 ஜனவரியில் கட்டுப்பாட்டை எடுத்தார்கள். விலை ஏறிய ஏற்றத்தைப் பார்த்து அதே வருஷம் மறுபடியும் போட்டார்கள். "சுதந்திரம் வந்துச்சு, துணி வரலை" என்று ஆயா சொல்லிச் சிரிப்பாள்.

சாகும் வரையில் ஆயா ஒரு துண்டுத் துணியையும் எறிந்ததில்லை. கெஜக் கணக்குப் போய் மீட்டர் வந்த பிறகும் அவளுக்குக் கெஜம்தான். அவள் தலையணைக்குள் பஞ்சு கொஞ்சம். தைத்தது போக மிஞ்சிய துணித் துண்டுகள்தான் அதிகம். அம்மாவின் துணிப் பைத்தியம் எங்கிருந்து வந்தது என்று இப்போது உங்களுக்குப் புரிந்திருக்கும். ஆயா அம்மாவின் மாமியார்தான். ஆனாலும் இது ரத்தத்தில் வருகிற வியாதி அல்ல, ஒரே கூரையின்கீழ் இருந்தால் ஒட்டிக்கொள்கிற வியாதி.

*

இனி எங்கள் வீட்டுக் கதைக்கு வருகிறேன்.

1994ஆம் வருஷம். ஒரு கல்யாண வீட்டிலிருந்து பன்னிரண்டு வெள்ளை உள்பாவாடை தைக்கச் சொல்லி வந்தது. அம்மா வேலூருக்குப் போய் நல்ல பாப்ளினாகப் பார்த்து எடுத்தாள். வெட்டுவதற்கு முன் பருத்தித் துணியை நனைத்துக் காயவைக்க வேண்டும். இல்லாவிட்டால் தைத்த பிறகு சுருங்கும். அம்மா எப்போதும் குடிதண்ணீர்க் குழாயில் பிடித்து வைத்த நீரில் நனைப்பாள். அன்று குழாயில் தண்ணீர் வரவில்லை. நாள் நெருங்கிவிட்டது. வீட்டுக் கிணற்று நீரில் நனைத்தாள்.

எங்கள் கிணற்று நீரில் சோப்பு நுரைக்காது; வாயில் வைத்தால் உப்பு. மறுநாள் காலையில் கொடியில் தொங்கிய அத்தனை துணியும் மஞ்சள் பூத்து, விறைத்துப் போய், ஓரங்களில் பழுப்புக் கோடு கோடாக நின்றது. எத்தனை முறை அலசியும் போகவில்லை. அம்மா அழவில்லை. காபி குடித்துக் கொண்டிருந்த அப்பாவிடம் ஒரு துணியைக் கொண்டுபோய் மடியில் போட்டாள்.

"ஏங்க, இது உங்க டேனரித் தண்ணிங்க."

அப்பா பதில் சொல்லவில்லை. அடுத்த நாளிலிருந்து இரண்டு பிளாஸ்டிக் கேன்களைச் சைக்கிளில் கட்டிக்கொண்டு, மூன்று மைல் தள்ளி நல்ல தண்ணீர்க் கிணறு ஒன்றிலிருந்து கொண்டுவந்து கொடுத்தார். அந்தப் பன்னிரண்டு பாவாடைக்கு ஆன கடனை அடைக்க ஏழு மாதம் ஆயிற்று.

நீர் கெட்டதைப் பற்றி நாங்கள் மட்டுமா வருத்தப்பட்டோம்? வேலூர்க் குடிமக்கள் நல மன்றம் என்ற சங்கத்தார் 1991லேயே சுப்ரீம் கோர்ட்டுக்குப் போயிருந்தார்கள். தோல் ஊர்களில் ஏறக்குறைய 35,000 ஹெக்டேர் விளைநிலம் ஓரளவோ முழுவதுமோ சாகுபடிக்கு லாயக்கற்றுப் போய்விட்டது என்று ஆராய்ச்சிக்காரர்கள் கண்டது அந்த வழக்கில் சொல்லப்பட்டது. 1996 ஆகஸ்டு 28ஆம் தேதி தீர்ப்பு வந்தது. கெடுத்தவரே செலவை ஏற்க வேண்டும். கேடு வருமுன்னே தடுக்க வேண்டும். கழிவுநீரைச் சுத்தம் செய்ய ஏற்பாடு இல்லாத டேனரி இயங்கக் கூடாது. ஒவ்வொரு டேனரிக்கும் 10,000 ரூபாய் அபராதம். இந்தியாவில் சுற்றுச்சூழலைப் பற்றி எந்த வழக்கு நடந்தாலும் இன்று வரை இந்தத் தீர்ப்பை எடுத்துக் காட்டுகிறார்கள்.

நியாயமான தீர்ப்பு. அந்த நியாயத்தில் அப்பாவின் வேலை போயிற்று.

அவர் இருந்த டேனரி சின்னது. சுத்திகரிப்புக்குப் பணம் போட முதலாளிக்கு மனமோ வசதியோ இல்லை, மூடிவிட்டார். அதே 1996இல்தான் சென்னையில் பின்னி மில்லும் மூடிற்று. தோலும் போயிற்று, காக்கியும் போயிற்று என்று அப்பா திண்ணையில் உட்கார்ந்து சொன்னது நினைவிருக்கிறது. நான் பதினோராம் வகுப்பில் படித்துக் கொண்டிருந்தேன். இனி வீட்டில் அடுப்பு எரிவது அம்மாவின் கால் மிஷினை மிதிப்பதில்தான் இருந்தது. "நல்ல துணி எங்கே கிடைக்கும்" என்ற கேள்வி அதுவரை அம்மாவின் ஆசை. அன்றிலிருந்து அது எங்கள் சோறு. ஒரு மீட்டருக்கு இரண்டு ரூபாய் குறைந்தால் எனக்குப் பரீட்சைக் கட்டணம்.

*

அப்போதுதான் அம்மா குடியாத்தம் போகத் தொடங்கினாள்.

குடியாத்தம் கைத்தறிக் கைலிக்குப் பேர்போன ஊர். காமராஜர் முதல் மந்திரியான பின் 1954இல் இடைத்தேர்தலில் நின்று வென்ற தொகுதி என்று அரசியல் தெரிந்தவர்கள் சொல்வார்கள். அங்கே நெய்த கைலி கடல் கடந்து போகும். விசைத்தறியின் போட்டியிலிருந்து காப்பாற்ற 1985இல் பார்லிமெண்டில் சட்டம் செய்து, கைலியையும் கைத்தறிக்கு ஒதுக்கினார்கள். சட்டம் காகிதத்தில் நின்றது. விசைத்தறி ஓடிக்கொண்டுதான் இருந்தது.

தறியிலிருந்து வரும் கைலி வெறும் நீளத்துணி. அதன் இரண்டு முனையையும் சேர்த்துத் தைத்தால்தான் கட்ட முடியும். இதற்கு 'மூட்டுவது' என்று பெயர். அம்மா கைலி மூட்டும் வேலையை வாங்கி வந்தாள். கூடவே, தறியில் பழுதான கைலிகளைக் குறைந்த விலைக்கு எடுத்துவந்து, பழுதை ஒதுக்கி, குழந்தைகளுக்குச் சட்டையும் கவுனும் தைத்து விற்றாள். அப்பாவும் உடன் போவார். பல வருஷம் தோல் தரம் பிரிப்பதைப் பார்த்துக் கொண்டிருந்தவர் அல்லவா? கண்ணை மூடிக்கொண்டு உள்ளங்கையைத் துணிமேல் ஓட்டுவார். முடிச்சு எங்கே, இழை தளர்ந்தது எங்கே என்று கை நிற்கும். "இங்க ஒண்ணு இருக்கு" என்பார். அம்மா பார்ப்பாள், இருக்கும். சில மாதங்களில் அம்மாவே, "உங்க அப்பாவைக் கூப்பிடு, அவர் பார்த்தாத்தான் சரி" என்று சொல்லும் நிலைமை வந்துவிட்டது. வேலை போனபிறகு குனிந்திருந்த அவர் தலை அன்றுதான் கொஞ்சம் நிமிர்ந்தது.

கட்டத்துணியைப் பற்றி இன்னொரு வேடிக்கைக் கதை சொல்லப்படுகிறது. 1958இல் அமெரிக்க வியாபாரி வில்லியம் ஜேக்கப்ஸன் என்பவர் பம்பாய்க்கு வந்து, கேப்டன் கிருஷ்ணன் நாயரிடம் மதராஸ் கட்டத்துணியை வாங்கினார். குளிர்ந்த நீரில் பக்குவமாகத் துவைக்க வேண்டும் என்று நாயர் சொல்லியனுப்பினாராம். அந்த எச்சரிக்கை வாங்குகிறவர் காதுக்குப் போகவில்லை. புரூக்ஸ் பிரதர்ஸ் என்ற பெரிய கடை அதில் சட்டை தைத்து விற்றது. துவைத்ததும் சாயம் ஓடி ஒரு கட்டம் இன்னொரு கட்டத்தில் கலந்துவிட்டது. ஒரே ரகளை, வக்கீல்கள் வரைக்கும் போயிற்று. பிறகு விளம்பரக் கலையில் கைதேர்ந்தவர்கள் புகுந்து, "இது சாயம் போகும் என்று உத்தரவாதம் தருகிறோம்! ஒவ்வொரு துவைப்பிலும் புதுத் துணி!" என்று போட்டார்களாம். அவ்வளவுதான், அமெரிக்க வாலிபர்கள் சாயம் போகும் துணிக்காகக் கடையில் முண்டியடித்தார்கள்.

*

அப்பா காலமாகி ஒன்பது வருஷமாகிறது. சுத்திகரிப்பு நிலையங்களுடன் எத்தனையோ டேனரிகள் எங்கள் ஊரில் நடந்துகொண்டிருக்கின்றன. நெடுஞ்சாலை ஓரத்தில் செருப்பு, ஷூ கடைகள் வரிசையாக நிற்கின்றன. 2019இல் ஜில்லாவைப் பிரித்ததில் ஆம்பூர் திருப்பத்தூர் ஜில்லாவுக்குப் போயிற்று. குடியாத்தம் வேலூரிலேயே இருக்கிறது. அம்மாவுக்கு எழுபது தாண்டிவிட்டது. ஊசியில் நூல் கோக்க என் மகள் வேண்டும். ஆயத்த உடை வாங்கிக் கொடுத்தால் முதலில் உள்புறத்தைத் திருப்பித் தையலைப் பார்த்து, "ஓரத்துக்குத் துணியே விடலையே, பாவி" என்று யாரையோ திட்டுகிறாள்.

போன மாதம், குடியாத்தம் பார்க்க வேண்டும் என்றாள். கூட்டிக்கொண்டு போனேன். ஒரு வீட்டில் தறி ஓடிக்கொண்டிருந்தது. அம்மா வாசலில் நின்று, சிவப்பும் நீலமுமாய்க் கட்டம் போட்ட பாவை உள்ளங்கையால் தடவினாள். கண்ணை மூடிக்கொண்டு தடவினாள். அது யாருடைய வழக்கம் என்று எனக்குத் தெரியும்.

"இது எங்கப்பா போவுது?"

"வெளிநாட்டுக்கும்மா."

"நல்லதெல்லாம் அங்கதான் போவும். எனக்கு ஒண்ணு குடேன். பழுது வேணாம். நல்லதாவே குடு."

என் ஆயுளில் அம்மா பழுதில்லாத துணியை முழு விலைக்கு வாங்கியதை அன்றுதான் பார்த்தேன். பேரம்கூடப் பேசவில்லை.

வீட்டுக்கு வந்ததும் வாளியில் நல்ல தண்ணீர் பிடித்து நனைத்தாள். வெட்டுவதற்கு முன் நனைக்க வேண்டுமல்லவா? அரை மணி கழித்துப் போய்ப் பார்த்தோம். தண்ணீர் லேசாகச் சிவந்திருந்தது. அம்மா என் முகத்தைப் பார்த்தாள். அமெரிக்காக்காரன் கதையை அவளுக்கு நான் முன்னமே சொல்லியிருந்தேன்.

"ஒவ்வொரு துவைப்புக்கும் புதுத் துணிதானே?" என்றாள். சிரித்துக்கொண்டே பிழிந்து கொடியில் போட்டுவிட்டு, என் மகளைக் கூப்பிட்டு அளவு எடுக்க ஆரம்பித்தாள்.